பலகையின் விலை

பாட நோக்கம்: தொழில் பற்றிய விளக்கக் கட்டுரையைப் படித்துப் பொருள் உணர்தல், தொழிற்சொற்களை அறிதல், விலைப்புள்ளிக் கடிதம் எழுதப் பழகுதல்.

அபர்தீன் கடைவீதியின் மணிக்கூண்டு அருகே நின்று ஒருமுறை தலையை உயர்த்திப் பாருங்கள். மருந்துக்கடை, துணிக்கடை, சிற்றுண்டிச்சாலை, பயண முகவர் அலுவலகம் என ஒவ்வொரு வாயிலின் மேலும் ஒரு பெயர்ப்பலகை நிற்கிறது. அதன் எழுத்துகளை நாள்தோறும் படிக்கிறோம். அதைச் செய்தவர் யார், அதற்கு அவர் என்ன விலை பெற்றார், அந்த விலையை எவ்வாறு கணக்கிட்டார் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. இப்பாடம் அந்தக் கணக்கைப் பற்றியது.

பெயர்ப்பலகைக்கு நம் மொழியில் நீண்ட வரலாறு உண்டு. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்தில் பறந்த கொடிகளை விரிவாகக் கூறுகிறது. கள் விற்கும் இடத்தைக் காட்ட ஒரு கொடி, கற்றறிந்த ஆசிரியர்கள் வாதம் செய்யும் இடத்தைக் காட்ட ஒரு கொடி, துறையில் நிற்கும் கப்பல்களின் மேல் கொடி என அவை பலவகைப்பட்டன. தொலைவில் வருவோருக்கு இங்கே இன்னது உண்டு என்று அறிவித்த அக்கொடிகளே அக்காலத்தின் பெயர்ப்பலகைகள். அதே நூல் அந்நகர வணிகரின் இயல்பையும் சொல்கிறது: தாம் வாங்கும்போது மிகுதியாகக் கொள்ளார், விற்கும்போது குறைவாகக் கொடார். இவ்விரண்டு கூறுகளையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பாடத்தின் இறுதியில் மீண்டும் இவற்றிடம் வருவோம்.

நான் செய்த பேரம்

இத்தீவுக்குப் பணிமாறுதல் பெற்று வந்த முதல் ஆண்டில், தமிழ் மன்றத்திற்காக இரும்புத் தகட்டில் ஒரு பலகை எழுத விரும்பினேன். கையால் எழுதும் ஓவியர் ஒருவரைத் தேடிச் சென்றேன். அவர் அளவைக் கேட்டுவிட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஏதோ குறித்து, 1,800 ரூபாய் ஆகும் என்றார். எனக்கு அது மிகுதியாகத் தோன்றியது.

“அண்ணா, பிள்ளைகளுக்கான பலகைதானே! 1,300 ரூபாய்க்கு எழுதித் தாருங்கள்” என்றேன்.

“அந்தத் தொகைக்கு ஒரு பூச்சுதான் வரும், டீச்சர். பரவாயில்லையா?” என்று கேட்டார்.

‘ஒரு பூச்சு’ என்றால் என்னவென்று எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் மனம் வரவில்லை. சரி என்று தலையசைத்தேன். 500 ரூபாய் மிச்சப்படுத்திய மகிழ்ச்சியோடு வீடு திரும்பினேன்.

பலகை அழகாகவே இருந்தது. மே மாதத்தில் மழை தொடங்கியது. செப்டம்பர் முடிவதற்குள் தகட்டின் ஓரங்களில் துரு ஏறியது. ‘தமிழ்’ என்னும் சொல்லில் ழகரம் உரிந்து விழுந்தது. சினத்தோடு அவரிடம் சென்றேன். அவர் பதில் ஒன்றும் கூறாமல் பழைய நோட்டைப் புரட்டி அந்தப் பக்கத்தைக் காட்டினார். துருவைத் தடுக்கும் அடிப்பூச்சும் இரண்டாவது வண்ணப்பூச்சும் முதற்கணக்கில் இருந்தன. பேரத்திற்குப் பின் அவ்விரு வரிகளின் மேலும் கோடு கிழிக்கப்பட்டிருந்தது. அவற்றின் கீழே ‘கூலி’ என்னும் வரி இருந்தது. அதற்கு எதிரே முதலில் எழுதிய எண்ணும் அடிக்கப்பட்டு, 0 என்று எழுதப்பட்டிருந்தது.

நான் குறைத்த 500 ரூபாயில் ஒரு பகுதி பலகையின் ஆயுளிலிருந்தும், மறுபகுதி அம்மனிதரின் உழைப்பிலிருந்தும் போயிருந்தது. விலை என்பது வாயில் வந்த எண் அன்று. அது பல வரிகளின் கூட்டுத்தொகை என்பதை அன்று கற்றேன். அவ்வரிகளை இனி ஒவ்வொன்றாகக் காண்போம்.

இத்தீவின் இயல்பும் விலையும்

எந்தப் பொருளின் விலையிலும் அது விற்கப்படும் இடத்தின் இயல்பு கலந்திருக்கும். சென்னையிலிருந்து நம் தலைநகர் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடல் தொலைவில் உள்ளது. பயணிகள் கப்பல் வந்து சேர ஏறக்குறைய மூன்று நாள் ஆகிறது. பலகைக்கு வேண்டிய அலுமினியக் கலப்புத் தகடு, வினைல் சுருள், எனாமல் வண்ணம், எல்.இ.டி. விளக்கு ஆகியவற்றுள் பெரும்பாலானவை சென்னை, கொல்கத்தா, விசாகப்பட்டினம் ஆகிய துறைமுகங்களிலிருந்து வருபவை. ஆகவே ஒவ்வொரு தகட்டின் விலையோடும் கப்பற்கூலியும் சுமைகூலியும் சேருகின்றன. கப்பல் தாமதமானால் வேலையும் தாமதமாகும்.

அடுத்தது மழை. தென்மேற்குப் பருவம், வடகிழக்குப் பருவம் ஆகிய இரண்டும் இங்கே பொழிகின்றன. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. சென்னையில் பெய்வதைப் போல இது இரு மடங்குக்கும் மேல். மழையோடு கடற்காற்றின் உப்பும் சேர்ந்து சாதாரண இரும்புத் திருகை விரைவில் அரித்துவிடும். எனவே துருப்பிடிக்காத எஃகுத் திருகும், துத்தநாகம் பூசிய சட்டமும் இங்கு ஆடம்பரம் அல்ல, இன்றியமையாதவை.

வேலையின் வரவும் இங்கே ஒரே சீராக இருப்பதில்லை. பங்குனி உத்திரம், துர்க்கா பூசை, சுற்றுலாப் பருவம் ஆகிய காலங்களில் வேலை குவியும். கடும் மழை மாதங்களில் குறையும். சில வேளைகளில் எதிர்பாராத தேவையும் எழும். 2018 டிசம்பர் 30 அன்று ஹேவ்லாக் தீவு ஸ்வராஜ் தீவு எனவும், நீல் தீவு ஷாஹீத் தீவு எனவும், ராஸ் தீவு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு எனவும் பெயர் மாற்றப்பட்டன. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. ஊரின் பெயர் மாறினால், அப்பெயரைத் தாங்கிய பலகைகளும் மாற வேண்டுமல்லவா? குவியும் மாதத்தின் வருவாயைக் கொண்டு குறையும் மாதத்தையும் கடக்க வேண்டியிருப்பதால், தொழிலாளி ஒவ்வொரு வேலையின் விலையையும் கவனத்தோடு கணக்கிட வேண்டும்.

விலையின் நான்கு படிகள்

ஒரு கடைக்கு 6 அடி நீளமும் 3 அடி உயரமும் உள்ள பலகை வேண்டும் என்று கொள்வோம். அதன் பரப்பு 18 சதுர அடி. கீழே வரும் தொகைகள் கணக்கைப் புரிந்துகொள்வதற்காக நாம் வைத்துக்கொண்டவை. சந்தை விலை அல்ல.

முதற்படி, மூலப்பொருள். தகடு 8 அடிக்கு 4 அடி அளவில், அதாவது 32 சதுர அடியாக விற்கப்படுகிறது. கப்பற்கூலி உட்பட அதன் விலை 3,200 ரூபாய் என்றால், ஒரு சதுர அடிக்கு 100 ரூபாய் ஆகிறது. பலகைக்கு 18 சதுர அடி வெட்டியபின் 14 சதுர அடி எஞ்சும். அதில் 4 அடிக்கு 2 அடித் துண்டு வேறொரு சிறு பலகைக்கு உதவும். 6 அடிக்கு 1 அடித் துண்டு பெரும்பாலும் எதற்கும் உதவாது. உதவாத அந்த 6 சதுர அடி, கழிவு எனப்படும். கழிவும் இந்த வேலையால் உண்டானதே. ஆகவே தகட்டுச் செலவு 18 சதுர அடிக்கு அன்று. 24 சதுர அடிக்கு, அதாவது 2,400 ரூபாய். சட்டத்திற்கு 900, வினைல் எழுத்துக்கு 700, திருகு, பசை முதலியவற்றிற்கு 200 ரூபாய். மூலப்பொருளின் மொத்தம் 4,200 ரூபாய்.

இரண்டாம் படி, உழைப்பு. அளவெடுத்து எழுத்தை வடிவமைக்க 3 மணி, தகட்டை வெட்டிச் சட்டம் அமைக்க 4 மணி, எழுத்தை ஒட்ட 2 மணி, கடையில் பொருத்த 3 மணி. ஆக, தொழிலாளியின் உழைப்பு 12 மணி. பொருத்தும்போது ஏணியைப் பிடிக்கவும் பலகையைத் தூக்கவும் உதவியாளர் ஒருவர் 3 மணி நேரம் வேண்டும்.

ஒரு மணி நேரத்திற்கு எவ்வளவு கூலி? இங்கேதான் பலர் தவறு செய்கின்றனர். மாதம் 24,000 ரூபாய் தமக்குக் கூலியாக வேண்டும் என்று ஒருவர் எண்ணுகிறார். மாதத்தில் 25 நாள், நாளுக்கு 8 மணி என்றால் 200 மணி. 24,000ஐ 200ஆல் வகுத்தால் 120 ரூபாய் வருகிறது. ஆனால் அந்த 200 மணியும் பலகை செய்வதில் கழிவதில்லை. வாடிக்கையாளரிடம் பேசுவது, பொருள் வாங்கச் செல்வது, வந்த சரக்கைத் துறைமுகத்திலிருந்து எடுத்து வருவது, மழை நிற்கக் காத்திருப்பது, பாக்கிப் பணத்திற்காக அலைவது ஆகியவற்றிற்கும் நேரம் செல்கிறது. உண்மையில் பலகை வேலைக்குக் கிடைப்பது 120 மணி என்று கொள்வோம். அப்படியானால் மணிக்கூலி 24,000 ÷ 120 = 200 ரூபாய். 120 ரூபாய் என்று கணக்கிட்டவர் ஒவ்வொரு மணிக்கும் 80 ரூபாயை இழக்கிறார். மாத இறுதியில் பணம் எங்கே போயிற்று என்று வியக்கிறார்.

தொழிலாளிக்கு 12 × 200 = 2,400 ரூபாய்; மணிக்கு 100 ரூபாய் வீதம் உதவியாளருக்கு 300 ரூபாய். உழைப்பின் மொத்தம் 2,700 ரூபாய்.

மூன்றாம் படி, மேற்செலவு. எந்த ஒரு பலகைக்கும் தனியாக உரியதாகாமல், தொழில் நடப்பதற்காகவே ஆகும் செலவு இது. கடை வாடகை மாதம் 6,000, மின்கட்டணம் 2,000, தொலைபேசி, வண்டி எரிபொருள் முதலியன 3,000 ரூபாய் என்று வைப்போம். இயந்திரத்தையும் மறக்கலாகாது. 60,000 ரூபாய்க்கு வாங்கிய எழுத்து வெட்டும் இயந்திரம் ஐந்து ஆண்டு உழைத்து ஓயும் என்றால், 60 மாதங்களில் மாதந்தோறும் 1,000 ரூபாய் மதிப்பு தேய்கிறது. இதனைத் தேய்மானம் என்பர். தேய்மானத்தைக் கணக்கில் சேர்க்காதவர், இயந்திரம் ஓய்ந்த நாளில் புதியது வாங்கக் கடன் தேடுவார். மேற்செலவு மாதம் 12,000 ரூபாய். அதனை 120 மணிக்குப் பகிர்ந்தால் மணிக்கு 100 ரூபாய். இந்தப் பலகைக்கு 12 மணி. ஆகவே 1,200 ரூபாய்.

மூன்றையும் கூட்டுவோம்: 4,200 + 2,700 + 1,200 = 8,100 ரூபாய். இது அடக்கவிலை. இதற்குக் குறைந்து விற்றால் கைப்பணம் கரையும்.

நான்காம் படி, இலாபம். கூலி வேறு, இலாபம் வேறு. கூலி, உழைத்ததற்கு உரியது. வீட்டுச் செலவுக்குப் போவது. இலாபம், தொழிலுக்கு உரியது. புதிய கருவி வாங்கவும், கெட்டுப்போன பலகையை மீண்டும் செய்து கொடுக்கவும், பணம் வராத மாதத்தைத் தாங்கவும் உதவுவது. அடக்கவிலையில் 20 விழுக்காடு சேர்த்தால் 1,620 ரூபாய். பலகையின் விலை 9,720 ரூபாய்.

தள்ளுபடியில் மறைந்துள்ள பள்ளம்

வாடிக்கையாளர், “20 விழுக்காடு குறைத்துக் கொடுங்கள்” என்று கேட்கிறார். நாம் சேர்த்ததும் 20 விழுக்காடுதானே, கூலியாவது மிஞ்சும் என்று தொழிலாளி ஒப்புக்கொள்கிறார். கணக்கிட்டுப் பாருங்கள். 9,720இல் 20 விழுக்காடு 1,944. அதைக் கழித்தால் 7,776. அடக்கவிலையோ 8,100. எனவே 324 ரூபாய் நட்டம்! சேர்த்தபோது 8,100இல் 20 விழுக்காடு; கழித்தபோது 9,720இல் 20 விழுக்காடு. விழுக்காடு ஒன்றாயினும் அதன் அடித்தொகை வேறு. ‘எதில் விழுக்காடு?’ என்று கேட்காத கணக்கு ஏமாற்றும்.

சதுர அடி விலையிலும் இதைப் போன்ற ஒரு பள்ளம் உண்டு. நாம் கண்ட பலகைக்குச் சதுர அடி 540 ரூபாய் ஆயிற்று. அதே விலையில் 2 அடிக்கு 1 அடி அளவுள்ள சிறு பலகை செய்தால் 1,080 ரூபாய்தான் கிடைக்கும். ஆனால் சிறு பலகைக்கும் அளவெடுக்க வேண்டும், வடிவமைக்க வேண்டும், வண்டியில் சென்று பொருத்த வேண்டும். இவற்றிற்கு 4 மணி ஆனால், கூலியும் மேற்செலவும் மணிக்கு 300 வீதம் 1,200 ரூபாய். தகட்டின் விலையைச் சேர்க்கும் முன்பே நட்டம் வந்துவிட்டது. இதனால்தான் அனுபவம் உள்ளவர்கள், எவ்வளவு சிறிய வேலையாயினும் இதற்குக் கீழே இல்லை என்று குறைந்தபட்சக் கட்டணம் வைத்திருப்பார்கள்.

ஒரு காலத்தில் சென்னை அண்ணா சாலையில் திரைப்பட விளம்பரங்களை ஓவியர்கள் கையால் வரைந்து உயர்த்தினார்கள். கணினி வழி அச்சிடும் ஃபிளக்ஸ் பரவியபின், நாட்கணக்கில் வரைந்த வேலை மணிக்கணக்கில் முடிந்தது. ஓவியர் பலர் தொழிலை இழந்தனர். ஃபிளக்ஸோடு விலையில் மட்டும் போட்டியிட முடியாது. ஆனால் ஆயுளில் போட்டியிடலாம். 1,800 ரூபாய்க்கு அமைத்த ஃபிளக்ஸ் இம்மழையிலும் உப்பிலும் ஓராண்டு தாங்கும் எனவும், 9,720 ரூபாய்ப் பலகை எட்டாண்டு தாங்கும் எனவும் கொள்வோம். ஃபிளக்ஸுக்கு ஆண்டுச் செலவு 1,800 ரூபாய். பலகைக்கு ஆண்டுச் செலவு 1,215 ரூபாய். வாடிக்கையாளருக்கு இக்கணக்கை எடுத்துச் சொல்வதும் தொழிலின் ஒரு பகுதியே. மேலும், 100 மைக்ரானுக்குக் குறைந்த தடிமனுள்ள பி.வி.சி. பதாகைகளை 2022 சூலை 1 முதல் நடுவண் அரசு தடை செய்துள்ளது. மலிவுக்காக மெல்லிய தாளைத் தேடுவது சட்டத்திற்கும் புறம்பாகும்.

குறைக்கக் கூடாத இரண்டு வரிகள்

பேரத்தில் எதைக் குறைத்தாலும் இரண்டு வரிகளைக் குறைக்கலாகாது. ஒன்று, பாதுகாப்பு. 2024 மே 13 அன்று மும்பையின் காட்கோபர் பகுதியில், புழுதிக்காற்றில் ஒரு பெரிய விளம்பரப் பலகை பெட்ரோல் நிலையத்தின் மீது சாய்ந்தது; 17 பேர் உயிரிழந்தனர். நம் கடைவீதியில் உள்ளவை சிறியவையே. ஆயினும் அவற்றின் கீழேதான் நாம் நடந்து செல்கிறோம். வலுவான சட்டம், போதிய திருகு, இருவர் சேர்ந்து பொருத்தும் நேரம் ஆகியவை விலையிலிருந்து நீக்கத்தக்கவை அல்ல. அவற்றை நீக்கச் சொல்பவரிடம், “இந்த வேலை என்னால் ஆகாது” என்று மறுப்பதே முறை.

மற்றொன்று, பிழை திருத்தம். இது உங்களுக்கு நெருக்கமான செய்தி. தமிழ் எழுத்தை வடிவமைப்பவர் ‘பழக்கடை’ என்பதைப் ‘பலக்கடை’ என்று எழுதிவிட்டால், அது மொத்தப் பலகையையும் வீணாக்கும். நாம் பார்த்த பலகையில் வினைலும் அதை வெட்டி ஒட்டும் உழைப்பும் மீண்டும் செலவாகும். எழுத்து தொலைநகரத்திலிருந்து அச்சாகி வந்தால், அடுத்த கப்பல்வரை காத்திருக்கவும் நேரும். ஆகவே எழுத்தை வெட்டும் முன் மாதிரியைத் தாளில் அச்சிட்டு, வாடிக்கையாளரிடம் காட்டி, அவரது ஒப்பம் பெற வேண்டும். ஒப்பத்திற்கு முன் நேர்ந்த பிழை தொழிலாளியுடையது. ஒப்பத்திற்குப் பின் கேட்கும் மாற்றம் வாடிக்கையாளருடையது. லகர, ளகர, ழகர வேறுபாட்டை வகுப்பில் திரும்பத் திரும்ப எழுதச் சொல்லும்போது நீங்கள் சலித்துக்கொள்வதுண்டு. அவ்வேறுபாட்டை அறிந்த ஒரு கண், பலகைத் தொழிலில் பணம் பெறும் திறமை. உங்கள் பெற்றோரோ உறவினரோ இத்தொழிலில் இருந்தால், மாதிரித் தாளைப் படித்துப் பார்க்கும் பொறுப்பை நீங்கள் ஏற்கலாம்.

ஊர்க்காரருக்கு என்ன விலை?

பிறந்த மண்ணை விட்டு வந்த நமக்கு ஊர்க்காரர் என்னும் சொல் இனிமையானது. அதே சொல் தொழிலாளிக்கு இக்கட்டையும் தருவதுண்டு. “நீயும் நம்ம ஊர், நானும் நம்ம ஊர், பார்த்துப் போட்டுக்கொள், தம்பி” என்று ஒருவர் சொன்னால் மறுப்பது கடினம். கோயில் திருவிழாவுக்கும் திருமணத்திற்கும் விலையைக் குறைத்துக் கொடுப்பதும் நம் பண்பாட்டில் இயல்பே. குறைப்பது தவறன்று, மறைவாகக் குறைப்பதே தவறு.

குறைத்துக் கொடுக்க விரும்பினால், சீட்டில் முதலில் முழு விலையை எழுத வேண்டும்: 9,720 ரூபாய். அடுத்த வரியில் ‘அன்பளிப்பு: 720 ரூபாய்’ என்று எழுதிக் கழிக்க வேண்டும். செலுத்த வேண்டியது 9,000 ரூபாய். இவ்வாறு எழுதினால் பலகையின் மதிப்பு இருவருக்கும் தெரியும். அடுத்த முறை அவர் மற்றொருவரை அனுப்பும்போது, “அங்கே 9,000 ரூபாய்தான்” என்று சொல்லாமல், “எனக்காகக் குறைத்துக் கொடுத்தார்” என்று சொல்வார். பூச்சைக் குறைத்தோ, திருகைக் குறைத்தோ செய்யும் தள்ளுபடி அன்பளிப்பு ஆகாது. அதனை என் தமிழ் மன்றப் பலகை எனக்குக் கற்பித்தது.

விலையை எழுத்தில் தருதல்

வாய்ச்சொல்லாகக் கூறும் விலை மறக்கப்படும், மாற்றியும் நினைக்கப்படும். எனவே வேலை தொடங்கும் முன் விலைப்புள்ளி எழுதித் தர வேண்டும். அதில் அளவு, பொருள், விலை, விலையில் அடங்காதவை, முன்பணம், விலை செல்லும் காலம் ஆகியன இருக்க வேண்டும். மாதிரி ஒன்று காண்க.

பெறுநர்
கடை உரிமையாளர் அவர்கள்,
அபர்தீன் கடைவீதி.

ஐயா,

பொருள்: பெயர்ப்பலகை செய்து பொருத்துதல் – விலைப்புள்ளி.

வணக்கம். தங்கள் கடைக்கு 6 அடி × 3 அடி அளவில், அலுமினியக் கலப்புத் தகட்டில், வினைல் எழுத்துகளுடன், துத்தநாகம் பூசிய இரும்புச் சட்டத்தில் பலகை செய்து, துருப்பிடிக்காத திருகுகளால் பொருத்தித் தர ரூ. 9,720 ஆகும். மின்இணைப்பும் விளக்கும் இதில் அடங்கா. எழுத்து மாதிரியில் தாங்கள் ஒப்பமிட்ட பின் செய்யும் மாற்றங்களுக்குத் தனிக் கட்டணம் உண்டு. மூலப்பொருள் வாங்குவதற்காகப் பாதித் தொகையான ரூ. 4,860ஐ முன்பணமாகத் தர வேண்டுகிறேன். மீதித் தொகையைப் பலகை பொருத்திய அன்று தரலாம். இவ்விலை 15 நாள்களுக்குச் செல்லும்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள
(ஒப்பம்)

விலை ஏன் 15 நாள் மட்டும் செல்லும்? அடுத்த கப்பலில் வரும் தகட்டின் விலை மாறியிருக்கக்கூடும். வேலை ஸ்வராஜ் தீவில் என்றால், படகுக் கட்டணமும் போக்குவரவில் கழியும் நாளின் கூலியும் தனி வரியாகச் சேர வேண்டும்.

நிறைவாக

பட்டினப்பாலை வணிகரின் இரு பண்புகளைத் தொடக்கத்தில் கண்டோம். மிகுதியாகக் கொள்ளாமை, வாங்குபவருக்குச் செய்யும் நேர்மை. குறைவாகக் கொடாமை, செய்யும் பொருளுக்குச் செய்யும் நேர்மை. பலகைத் தொழிலாளியின் நோட்டைப் பார்த்தபின் மூன்றாவதாக ஒன்றையும் சேர்க்கத் தோன்றுகிறது: தன் உழைப்புக்கு எதிரே 0 என்று எழுதாமை. அது தனக்கும் தன் வீட்டாருக்கும் செய்யும் நேர்மை.

தமிழ் மன்றத்திற்கு அவரிடமே மீண்டும் ஒரு பலகை எழுதச் சொன்னேன். இம்முறை அவர் சொன்ன விலையைக் கேட்டதும், “எத்தனை பூச்சு, அண்ணா?” என்று மட்டும் கேட்டேன். சிரித்துக்கொண்டே மூன்று விரல்களைக் காட்டினார். அப்பலகை நான்கு மழைக்காலங்களைக் கண்டுவிட்டது. ழகரம் இன்னும் உரியவில்லை.

அருஞ்சொற்பொருள்

அடக்கவிலை – ஒரு பொருளைச் செய்து முடிக்க ஆகும் மொத்தச் செலவு
மேற்செலவு – வாடகை, மின்கட்டணம் போன்ற பொதுச் செலவு
தேய்மானம் – பயன்பாட்டால் கருவியின் மதிப்பு குறைதல்
கழிவு – வேலையில் எஞ்சிப் பயன்படாமல் போகும் பொருள்
விலைப்புள்ளி – வேலைக்கு முன் எழுத்தில் தரும் விலை விவரம்
முன்பணம் – வேலை தொடங்கும் முன் பெறும் தொகை
விழுக்காடு – நூற்றில் ஒரு பங்கு, சதவீதம்
ஒப்பம் – கையெழுத்து

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. பட்டினப்பாலை கூறும் கொடிகளைப் பெயர்ப்பலகைகளோடு ஒப்பிடுவது ஏன்?
2. கூலிக்கும் இலாபத்திற்கும் உள்ள வேறுபாடு யாது?
3. மாத உழைப்பு 200 மணியாக இருந்தும் 120 மணியால் வகுப்பது ஏன்?
4. ஆசிரியை செய்த பேரத்தால் எவையெவை குறைந்தன?

ஆ. கணக்கிடுக.
ஒரு பலகைக்கு மூலப்பொருள் 3,000 ரூபாய். தொழிலாளிக்கு 8 மணி. உதவியாளருக்கு 2 மணி. பாடத்தில் கண்ட மணிக்கூலி, மேற்செலவு, இலாப விழுக்காடு ஆகியவற்றைக் கொண்டு அடக்கவிலையையும் விற்பனை விலையையும் காண்க. இதில் 20 விழுக்காடு தள்ளுபடி தந்தால் என்ன ஆகும்?

இ. பொருள் வேறுபாடு அறிந்து தொடரில் அமைக்க.
பலம் – பழம். விலை – விளை. கூலி – கூளி. வாழை – வாளை

ஈ. பிரித்து எழுதுக.
பெயர்ப்பலகை, மூலப்பொருள், அடக்கவிலை, முன்பணம்

உ. செயல்பாடு
உங்கள் வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ தொழில் செய்பவர் ஒருவரிடம் (தையல், தச்சு, சிற்றுண்டி, மீன் விற்பனை என எதுவாயினும்) அவர் விலை வைக்கும் முறையைக் கேட்டு அறிக. நான்கு படிகளில் எதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை என்று கண்டு, அவருக்காக ஒரு விலைப்புள்ளியைத் தமிழில் எழுதித் தருக.